குடியுரிமையும் நன்னடத்தையும்



ஒருவர் வேறொரு நாட்டில் குடியேறுகிறார். ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார், வரி கட்டுகிறார், தேர்வு எழுதுகிறார், வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லிக் குடியுரிமைச் சான்றிதழைப் பெற்றுக்கொள்கிறார். அந்த நாட்டு மண்ணில் பிறந்தவருக்கு அவர் அன்று முதல் சமமாகி விட்டாரா? அமெரிக்கச் சட்டத்தைக் கேட்டால், ஏறக்குறைய ஆம் என்கிறது. அதிபர் பதவிக்குப் போட்டியிட முடியாது என்ற ஒரு தடை எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. பிறந்தவரின் குடியுரிமையை நீதிமன்றத்தில் ரத்துச் செய்ய முடியாது. பெற்றவரின் குடியுரிமையை, சில காரணங்களைக் காட்டி, எத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகும் ரத்துச் செய்யலாம். அக்காரணங்களில் ஒன்று, அவர் குடியுரிமை பெற்ற காலத்தில் நன்னடத்தை உடையவராக இருக்கவில்லை என்பது.

ஹைத்தி நாட்டில் பிறந்த ஒருவரின் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டும். அவர் 1996 ஏப்ரலில் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் அவர்மீது போதைப்பொருள் கடத்தல் குற்றச்சாட்டு பதிவானது. 1997இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. குற்றம் நடந்த நாள் எது? 1995 மார்ச். அதாவது உறுதிமொழி எடுப்பதற்கு ஓராண்டுக்கு முன். அரசாங்கம் அவருடைய குடியுரிமையை ரத்துச் செய்யக் கோரி வழக்குத் தொடுத்தது. அவருடைய தரப்பு வாதம் எளிமையானது. உறுதிமொழி எடுத்த அன்று அவர் கைதாகவில்லை, குற்றம் சாட்டப்படவில்லை, எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. பின்னால் வந்த தீர்ப்பைக் கொண்டு முன்னால் இருந்த நன்னடத்தையை எப்படி அழிக்கலாம்? 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கைதான நாளும் தண்டனை பெற்ற நாளும் கணக்கில் வரா. செயல் எப்போது நடந்தது என்பதே கேள்வி என்றது. செயல் நடந்தது குடியுரிமைக்கு முந்திய ஐந்தாண்டுக்குள். அந்த ஐந்தாண்டுதான் சட்டம் சோதிக்கும் காலம். குடியுரிமை போயிற்று.

போதைப்பொருள் கடத்தியவருக்காக யாரும் கண்ணீர் விடப் போவதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் தர்க்கம் அவரோடு நிற்காது. பிடிபடாத செயலும் நடத்தையே என்றால், அந்த ஐந்தாண்டில் என்னென்ன செயல்கள் கணக்கில் சேரும்? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நன்னடத்தை என்றால் என்ன என்று முதலில் கேட்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

1790ஆம் ஆண்டின் முதல் குடியுரிமைச் சட்டமே நல்ல குணம் உடையவராக இருக்க வேண்டும் என்று கேட்டது. அதே வரியில் வெள்ளையராகவும் இருக்க வேண்டும் என்று கேட்டது என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல குணம் இன்னது என்று விளக்கம் எதுவும் அதில் இல்லை. 1952இல்தான் நாடாளுமன்றம் ஒரு பட்டியல் போட்டது. ஓயாத குடிகாரர், சூதாட்டத்தையே வருமானமாகக் கொண்டவர், ஆதாயத்துக்காகச் சத்தியம் செய்து பொய் சொன்னவர், 180 நாட்களோ அதற்கு மேலோ சிறையில் இருந்தவர், கொலைக் குற்றவாளி என்று அந்தப் பட்டியல் நீளும். பிறன்மனை நாடியவரும் அதில் இருந்தார். 1981இல் அவரை நீக்கி விட்டார்கள். ஆனால் கதவை முழுதாகத் திறந்து விடவில்லை. திருமணத்தைக் குலைத்த கள்ளத் தொடர்பு இருந்தால், தக்க சமாதானம் இல்லாதபோது, நன்னடத்தை இல்லை என்று கொள்ளலாம் என இலாகா விதி இன்றும் சொல்கிறது. பட்டியலில் இல்லாத செயலையும் அதிகாரி கணக்கில் எடுக்கலாம் என்பது பட்டியலின் கடைசியில் உள்ள வாசகம். வில்லங்கமே அந்தக் கடைசி வாசகத்தில்தான்.

நியூயார்க்கில் லேர்னட் ஹேண்ட் என்ற நீதிபதி இருந்தார். அமெரிக்க நீதிபதிகளில் மிகவும் மதிக்கப்பட்டவர்களுள் ஒருவர். 1947இல் அவர்முன் ஒரு தந்தையின் விண்ணப்பம் வந்தது. அந்த மனிதருக்கு ஐந்து பிள்ளைகள். பதின்மூன்று வயது மகன் பிறவியிலேயே மூளை பாதிக்கப்பட்டவன். பார்வை இல்லை, பேச்சு இல்லை, கைகால் விளங்கவில்லை. 1939 அக்டோபர் 12ஆம் நாள் தந்தை அவனுக்குக் குளோரோபார்ம் கொடுத்துக் கொன்று விட்டார். ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். கூடவே மிகுந்த கருணை காட்டும்படியும் கேட்டுக்கொண்டார்கள். அவர் சிறை செல்லாமல் கண்காணிப்பில் விடப்பட்டார். மற்ற நான்கு பிள்ளைகளையும் பொறுப்போடு வளர்த்து வந்தார். 1944 செப்டம்பர் 22இல் குடியுரிமைக்கு மனுப் போட்டார். இருபது நாள் பொறுத்திருந்தால் அந்தச் சாவு ஐந்தாண்டுக் கணக்குக்கு வெளியே போயிருக்கும். பொறுக்கவில்லை.

நீதிபதி ஹேண்ட் என்ன செய்தார்? சமுதாயத்தின் பொதுவான ஒழுக்க உணர்வே அளவுகோல் என்றார். ஆனால் அந்த உணர்வை எப்படி அறிவது? வாக்கெடுப்பு நடத்தவா முடியும்? பெரும்பாலோர் இச்செயலை ஏற்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது என்று தயக்கத்தோடு எழுதி மனுவைத் தள்ளினார். தள்ளும்போதே, இப்போது புதிதாக மனுப் போட்டால் அந்தச் செயல் குறுக்கே நிற்காது என்றும் சொன்னார். உடன் அமர்ந்திருந்த நீதிபதி ஒருவர் மாறுபட்டு எழுதினார். இரண்டாண்டு கழித்து அதே ஹேண்ட்முன் ஒரு மொழி ஆசிரியர் வந்தார். மணமாகாதவர். மணமாகாத பெண்களோடு அவ்வப்போது உறவு வைத்திருந்ததை விசாரணையில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கீழ் நீதிமன்றம் மனுவை நிராகரித்திருந்தது. ஹேண்ட் அதை மாற்றிக் குடியுரிமை கொடுத்தார். இந்த இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒன்று புலப்படும். ஆழ்ந்த அறிவும் நல்ல மனமும் உள்ள நீதிபதியே நன்னடத்தையை அளக்க முயலும்போது இருட்டில் தடவிக்கொண்டுதான் நடந்தார்.

இவை குடியுரிமை கொடுப்பதா வேண்டாமா என்ற வழக்குகள். கொடுத்ததைத் திரும்ப எடுப்பது வேறு. அந்த அதிகாரம் அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அதற்கு முன் தேர்தல் நேரத்தில் வாக்குக்காகக் கூட்டம் கூட்டமாகச் சான்றிதழ் வழங்கிய ஊழல்கள் நடந்திருந்தன. அவற்றைத் துடைப்பதற்கே சட்டம் என்றார்கள். நோக்கம் சரிதான். ஆனால் கையில் ஆயுதம் வந்தபின் அது எங்கெல்லாம் வீசப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1907 முதல் 1967 வரை சுமார் 22,000 பேர் இவ்வழியில் குடியுரிமை இழந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எம்மா கோல்ட்மன் என்ற பெண்மணி அரசாங்கத்தை எதிர்த்து மேடை மேடையாகப் பேசியவர். அவரை நாடு கடத்த விரும்பினார்கள். ஆனால் அவர் கணவர் வழியாகக் குடியுரிமை பெற்றிருந்தார். 1909இல், எப்போதோ பிரிந்துபோன அந்தக் கணவரின் குடியுரிமையை, 1884இல் வயதையும் வசித்த காலத்தையும் தவறாகக் காட்டிப் பெற்றார் என்று ரத்துச் செய்தார்கள். மனைவிக்கு நேரடியாக நோட்டீஸ்கூட இல்லை. பத்தாண்டு கழித்து, 1919 டிசம்பரில், அவரைப் புபோர்ட் என்ற கப்பலில் ஏற்றி அனுப்பி விட்டார்கள்.

இந்தியர்களுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திண்ட், முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றியவர். 1920இல் ஒரிகன் மாநிலத்தில் குடியுரிமை பெற்றார். 1923இல் உச்ச நீதிமன்றம் அவர் சட்டம் சொல்லும் வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. அதைப் பிடித்துக்கொண்டு, முன்பே குடியுரிமை பெற்றிருந்த மற்ற இந்தியர்களின் சான்றிதழ்களையும் அரசாங்கம் ரத்துச் செய்யத் தொடங்கியது. வைஷ்ணோ தாஸ் பகாய் என்ற வணிகர் மனைவியோடும் மூன்று மகன்களோடும் 1915இல் சான் பிரான்சிஸ்கோ வந்தவர். குடியுரிமை போயிற்று; அயல்நாட்டவருக்கு எதிரான கலிபோர்னியாச் சட்டத்தால் சொத்தும் போயிற்று; இந்தியா சென்றுவர அமெரிக்கக் கடப்பிதழும் கிடைக்கவில்லை. 1928இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய நடத்தையில் யாரும் குறை சொல்லவில்லை. குறை தோலில் இருந்தது. அந்த வரிசையை நிறுத்தியவர் சகாராம் கணேஷ் பண்டிட் என்ற வழக்கறிஞர். திண்டுக்காக வாதாடியவர்; பிறகு தம் குடியுரிமைக்காகத் தாமே போராடி 1926இல் வென்றார். நீதிமன்றம் ஒருமுறை தீர ஆராய்ந்து கொடுத்ததை, நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவரிடமிருந்து திரும்பப் பிடுங்கக் கூடாது என்பது அவருடைய வாதம். பகாய் இறப்பதற்கு முன்பே வந்த வெற்றி அது. அவரைக் காப்பாற்றத்தான் பயன்படவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடிவாளம் வந்தது. வில்லியம் ஷ்னைடர்மன் என்பவர் குடியுரிமை பெற்றபோது கம்யூனிஸ்ட்டாக இருந்தார் என்று அதை ரத்துச் செய்ய வழக்கு. அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் கட்டணமின்றி வாதாடியவர் வெண்டல் வில்கி. 1940இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றவர்! அப்படி ஒரு மனிதர் அப்படி ஒரு கட்சிக்காரருக்காக எழுந்து நின்றது இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. 1943 தீர்ப்பு, தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத, நம்பத்தக்க சான்று இருந்தாலொழியக் குடியுரிமையைத் தொட முடியாது என்றது. பிறகு 1967இல் அப்ரோயிம் வழக்கு. போலந்தில் பிறந்த ஓவியர் ஒருவர் இஸ்ரேல் தேர்தலில் வாக்களித்தார் என்பதற்காக அவர் குடியுரிமை போய்விட்டது என்றார்கள். ஒருவர் தாமாக விட்டுக்கொடுத்தாலன்றி அரசாங்கம் அதைப் பறிக்க முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது.

இந்த இடத்தில் சட்டத்தின் அமைப்பை நன்றாகக் கவனிக்க வேண்டும். உறுதிமொழிக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும், இரண்டொரு விதிவிலக்குகள் நீங்கலாக, அதற்காக அமெரிக்கக் குடியுரிமை போகாது. சிறைக்குப் போவார், குடிமகனாகவே போவார். உறுதிமொழிக்கு முன் செய்ததும் சொன்னதும்தான் அவரைத் துரத்தும். இங்கே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏற்பாடு வேறு. மலேசியாவின் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் 25ஆவது பிரிவும், சிங்கப்பூர் அரசியலமைப்புச் சட்டம் 129ஆவது பிரிவும், குடியுரிமை பெற்ற ஐந்தாண்டுக்குள் பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாத சிறையோ 5,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்றவரின் குடியுரிமையைப் பறிக்க இடம் தருகின்றன. பின்னால் நடப்பதையும் இச்சட்டங்கள் பார்க்கின்றன. முடிவெடுப்பது அரசாங்கம், பாதிக்கப்படுபவர் விசாரணைக் குழுவின் முன் செல்லலாம். 2017இல் காற்பந்து ஆட்ட முறைகேடு தொடர்பில், மாலி நாட்டில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்த ஒருவர் அதை இழந்தது பலருக்கு நினைவிருக்கும். எது மேல், எது கீழ் என்ற பட்டிமன்றம் இங்கு வேண்டாம். அமெரிக்க முறையில் முடிவு நீதிபதியின் கையில் இருக்கிறது என்பது அதன் பலம். கால எல்லையே இல்லை என்பது அதன் கொடுமை.

கால எல்லை இல்லாததற்கு நல்ல காரணமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பியோடர் பெடரென்கோ டிரெப்ளிங்கா வதை முகாமில் காவலராக இருந்தவர். அதை மறைத்து 1949இல் அமெரிக்கா வந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1970இல் குடியுரிமை பெற்றார். அண்டை அயலாரிடம் கேட்டால் நல்ல மனிதர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இத்தனை ஆண்டு நல்லவராக வாழ்ந்ததை எடைபோட வேண்டாமா என்று கீழ் நீதிமன்றம் இரங்கியது. 1981இல் உச்ச நீதிமன்றம், முறைகேடாகப் பெற்றது என்று நிரூபணமானால் இரக்கம் காட்டும் அதிகாரம் எந்த நீதிபதிக்கும் இல்லை என்றது. அவர் 1984இல் சோவியத் யூனியனுக்கு அனுப்பப்பட்டார்; 1987இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்தத் தீர்ப்பில் நியாயம் இல்லை என்று சொல்வது கடினம். ஆனால் அதே 1981இல் ஜான் டெம்ஜன்யுக் என்பவரும் குடியுரிமை இழந்தார். டிரெப்ளிங்காவில் ‘கொடிய இவான்’ என்று அழைக்கப்பட்ட காவலர் அவரே என்றார்கள். இஸ்ரேலுக்கு அனுப்பினார்கள், 1988இல் மரண தண்டனை. 1993இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், அந்த இவான் இவர்தானா என்பதில் ஐயம் இருக்கிறது என்று விடுவித்தது. 1998இல் அமெரிக்கக் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. 2002இல் வேறு முகாம்களில் காவலராக இருந்த சான்றின் பேரில் மறுபடியும் பறிபோனது. 2011இல் ஜெர்மனியில் சோபிபோர் முகாம் தொடர்பில் குற்றவாளி எனத் தீர்ப்பு. மேல்முறையீடு முடியும் முன்பே 2012இல் இறந்தார். குற்றமற்றவர் என்று யாரும் அவரைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் நாற்பது ஆண்டுக்கு முந்திய முகத்தைச் சாட்சிகள் அடையாளம் காட்டும்போது எவ்வளவு பெரிய பிழை நேரக்கூடும் என்பதற்கு, தூக்குமேடையின் வாசல் வரை போய்த் திரும்பிய இந்த வழக்கைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சற்று இலேசான கதையும் ஒன்று இருக்கிறது. இத்தாலியில் பிறந்த பிராங்க் கோஸ்டெல்லோ 1925இல் குடியுரிமை பெற்றபோது, தொழில் என்ற இடத்தில் நில விற்பனை என்று எழுதினார். மதுவிலக்குக் காலம் அது. உண்மையில் அவர் சாராயம் கடத்திக்கொண்டிருந்தார். தொழில் சாராயக் கடத்தல் என்று யார்தான் பாரத்தில் எழுதுவார்கள்? முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1961இல், அந்தப் பொய்க்காக அவர் குடியுரிமை ரத்தானதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்து, வரி ஏய்ப்புக் குற்றங்களைக் காட்டி நாடு கடத்தப் பார்த்தார்கள். 1964இல் அதே நீதிமன்றம், அக்குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட நாளில் அவர் குடிமகனாகத்தான் இருந்தார், ஆகவே அவற்றுக்காக நாடு கடத்த முடியாது என்று விட்டது. 1973இல் அவர் நியூயார்க்கிலேயே இறந்தார். பெரிய வழக்கறிஞர்களை அமர்த்தப் பணம் இருந்தவருக்குச் சட்டத்தின் இடுக்குகளும் தெரிந்தன.

பொய் என்று வரும்போது எவ்வளவு சிறிய பொய்? 1988இல் குங்கிஸ் வழக்கில், பிறந்த தேதியையும் இடத்தையும் தவறாகச் சொன்னவரைப் பற்றிய கேள்வி எழுந்தது. முக்கியமான உண்மையை மறைத்தால்தான் ஒரு விதியின்கீழ் குடியுரிமை போகும் என்றது நீதிமன்றம். ஆனால் நன்னடத்தை விதிக்கு அந்தச் சலுகை இல்லை. குடிநுழைவு ஆதாயம் கருதி, சத்தியம் செய்து, வாயால் சொன்ன பொய் சிறியதானாலும் அது நடத்தைக் குறைவே. 2017இல் போஸ்னியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வழக்கு. கணவர் எந்தப் படையில் இருந்தார் என்பதை மறைத்தவர். பொய் எதுவானாலும் குடியுரிமையைப் பறிக்கலாம் என்றது அரசுத் தரப்பு. அப்போது தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒன்று கேட்டார். வெகு நாளுக்கு முன் 55 மைல் வேக எல்லையில் 60 மைல் ஓட்டியதுண்டு, பிடிபடவில்லை. பிடிபடாத குற்றம் ஏதும் செய்ததுண்டா என்று பாரம் கேட்கிறதே, இதை எழுதாமல் விட்டால் இருபது ஆண்டு கழித்து நீங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவீர்களா என்ற பொருளில் கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அரசு வழக்கறிஞரால் இல்லை என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் குற்றவியல் விதியின்கீழ் குடியுரிமை பறிக்க வேண்டுமானால், அந்தப் பொய்யால் குடியுரிமை கிடைப்பதில் ஏதேனும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து முடிவு செய்தார்கள்.

குற்றவியல் வழக்கென்றால் ஜூரி உண்டு, ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு, பத்தாண்டு கால எல்லையும் உண்டு. ஆனால் பெரும்பாலான குடியுரிமை பறிப்பு வழக்குகள் சிவில் வழக்குகள். அங்கே இவை மூன்றும் இல்லை. நோட்டீஸ் வருகிறது, அறுபது நாளில் பதில் சொல்ல வேண்டும். ஒரு கைப்பை திருடியவனுக்குக் கிடைக்கும் இலவச வழக்கறிஞர், நாட்டையே இழக்கப் போகிறவருக்குக் கிடைப்பதில்லை. இது அந்த நாட்டின் நீதி முறையில் உள்ள பெரிய ஓட்டை. குடும்பத்துக்கும் ஆபத்து உண்டு. உண்மையை மறைத்துப் பெற்றது என்று தீர்ப்பானால், அவர் வழியாகக் குடியுரிமை பெற்ற மனைவி மக்களின் உரிமையும் ஆட்டம் காணும். நன்னடத்தை இல்லாமல் பெற்றது என்று மட்டும் தீர்ப்பானால் அவர்களுக்கு அந்தப் பாதிப்பு வராது. வழக்கு மனுவில் அரசாங்கம் எந்தக் காரணத்தை எழுதுகிறது என்பதில் பிள்ளைகளின் எதிர்காலம் தொங்குகிறது.

1990 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சராசரியாகப் பதினொரு வழக்குகள்தான் தொடுக்கப்பட்டன. பெரும்பாலும் பழைய போர்க் குற்றவாளிகள், பயங்கரவாதத் தொடர்புடையோர். பிறகு வேகம் கூடியது. 2018 ஜனவரியில், வேறொரு பெயரில் நாடு கடத்தல் உத்தரவு இருந்ததை மறைத்த, இந்தியாவில் பிறந்த நியூ ஜெர்சிவாசி ஒருவர் குடியுரிமை இழந்து மீண்டும் நிரந்தரவாசி ஆனார். 2020இல் நீதித் துறை இதற்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. 2025 ஜூன் 11ஆம் தேதி அத்துறையின் சிவில் பிரிவு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. குடியுரிமை பறிப்பு முன்னுரிமைப் பணி என்றது. பத்து வகையான வழக்குகளைப் பட்டியலிட்டது. தேசப் பாதுகாப்பு, போர்க் குற்றம், குண்டர் கும்பல், மோசடி என்று தொடங்கும் பட்டியல், முக்கியம் என்று துறை கருதும் வேறெந்த வழக்கும் என்று முடிகிறது. 1952ஆம் ஆண்டுப் பட்டியலின் கடைசி வாசகத்தை நினைவுபடுத்தும் முடிவு.

அதே 2025 ஆகஸ்டில் குடிநுழைவு இலாகா தன் அதிகாரிகளுக்கு நன்னடத்தை பற்றிப் புதிய வழிகாட்டி அனுப்பியது. குற்றம் இல்லாதிருந்தால் மட்டும் போதாது. சமூக ஈடுபாடு, குடும்பப் பொறுப்பு, கல்வி, வேலை, வரி என நல்லது என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும் என்றது. சட்டப்படி தடையாகாத செயல்களையும் எடைபோடலாம் என்றது. அதற்கு அது காட்டிய உதாரணங்களில் ஒன்று, பொறுப்பற்ற அல்லது அடிக்கடியான சாலைப் போக்குவரத்து விதிமீறல்.